மூன்று மா நிலத்தில் ஒரு தடம்

ஒரே வரிசையில் சக்கரம் பூட்டிய காலணியில் ஓடும் இன்லைன் ஸ்கேட்டிங்குக்கு, உலகப் போட்டிக்கு ஏற்ற தடத்தின் சுற்று 200 மீட்டர், அகலம் 6 மீட்டர். இருபுறமும் 53 மீட்டர் நேர்ப்பாதை, இரு முனையிலும் 15 மீட்டர் உள்ஆரமுள்ள வளைவு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 95 மீட்டர் நீளமும் 42 மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் அது அடங்கிவிடும். ஏறக்குறைய ஒரு ஏக்கர். தஞ்சாவூர்க் கணக்கில் மூன்று மா. கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் பக்கம் மூன்று மா வைத்திருப்பவரை அரசாங்கக் காகிதம் குறு விவசாயி என்றுதான் எழுதும். சிற்றூர்களில் ஸ்கேட்டிங் தடம் இல்லாததற்கும், இருந்தவை பாழாய்ப் போனதற்கும் இடமில்லாமைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தடம் செத்துப்போவது தரையில். தரையைக் கெடுப்பவை தேங்கும் தண்ணீரும், பந்தல்காலும், ஆள் போடாத நிர்வாகமும். பாழான தடத்தை மீட்பதும் அதே வரிசையில்தான் நடக்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் அது தலைகீழாக, பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குகிறது.

இந்த விளையாட்டைப் பற்றி இப்போது பேசக் காரணம் உண்டு. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர் ஸ்பிரிண்டை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு இந்த விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது. அதே போட்டியில் 500 மீட்டரில் வெண்கலம், 42 கிலோமீட்டர் மாரத்தானில் இன்னொரு தங்கம். அதற்கு ஒரு மாதம் முன்பு செங்டுவில் நடந்த உலக விளையாட்டுகளிலும் 1000 மீட்டரில் அவருக்கு வெண்கலம் கிடைத்திருந்தது. 2021இல் கொலம்பியாவின் இபாகே நகரில் ஜூனியர் பிரிவில் வெள்ளி வாங்கியவர். திடீரென்று முளைத்தவர் இல்லை.

2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நடந்த 3000 மீட்டர் ரிலேவையும் சொல்ல வேண்டும். ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே நாளில் வெண்கலம் வென்றன. ஆண்கள் அணியில் ஆர்யன்பால் சிங் குமன், சித்தாந்த் ராகுல் காம்ப்ளே, விக்ரம் ராஜேந்திர இங்காலே ஆகியோருடன் ஆனந்த்குமாரும் ஓடினார். பெண்கள் அணியில் சஞ்சனா பதுலா, ஹீரல் சாது ஆகியோருடன் தமிழ்நாட்டின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தார்கள். ஆண்கள் பந்தயத்தின் முடிவை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. வெற்றி உறுதி என்று நினைத்த தென்கொரிய வீரர் கோட்டுக்கு முன்பே நிமிர்ந்து கைகளை உயர்த்தினார். பின்னால் வந்த தைவான் வீரர் குனிந்தபடியே ஒரு காலை முன்னால் நீட்டினார். தைவான் 4 நிமிடம் 5.692 விநாடி, கொரியா 4 நிமிடம் 5.702 விநாடி. விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு விநாடி என்பது 12 சென்டிமீட்டர் தூரம். பந்தய ஸ்கேட்டின் சக்கரம் ஒன்றின் விட்டம் 11 சென்டிமீட்டர். ஒரு சக்கரத்தில் தங்கம் போனது. கொரியாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றவருக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு என்பதால், அந்த அணி இழந்தது தங்கம் மட்டுமல்ல.

சக்கர அளவில் வெற்றி தீர்மானமாகும் விளையாட்டில், சக்கரம் உருளும் தரைக்கு எவ்வளவு பங்கு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனந்த்குமாரின் 1000 மீட்டரை மணிக் கணக்கில் மாற்றினால் சராசரி வேகம் 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட நேரத்தையும் சேர்த்த சராசரி இது. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் திரும்பும் உடல்மீது பக்கவாட்டில் விழும் முடுக்கம் 9.6. பூமி நம்மைக் கீழே இழுப்பது 9.8. ஏறத்தாழச் சமம். நேராக நிற்பவர்மேல் அவருடைய எடையளவுக்கு இன்னொரு ஆள் பக்கத்திலிருந்து சாய்கிற மாதிரி. அதைத் தாங்க ஸ்கேட்டர் 44 பாகை சாய வேண்டும். தரை சமதளமாக இருந்தால் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் பிடிமானக் கெழு ஏறக்குறைய 1 வேண்டும். தூசி படிந்த சிமெண்டில் அது நடக்காத காரியம். வளைவை 20 பாகை உயர்த்திக் கட்டினால் தேவைப்படும் பிடிமானம் 0.45ஆகக் குறைந்துவிடும். வளைவை உள்ளிருந்து வெளியே போகப்போகச் செங்குத்தாக உயர்த்திக் கட்டுவது இதற்காகத்தான்.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே பழகுகிறார்கள் என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் மைதானம், கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்துமிடம், விடியற்காலைப் புறவழிச்சாலை. பாஸ்கெட்பால் தரை 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நான்கு மூலையிலும் கூம்பு வைத்துப் பிள்ளைகளைச் சுற்றவிட்டால் வளைவின் ஆரம் 5 மீட்டரைத் தாண்டாது. பிடிமானம் 0.5 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அந்த வளைவில் வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர்தான். மணல் படிந்து பிடிமானம் 0.2ஆக இறங்கினால் 11 கிலோமீட்டர். சைக்கிளில் மெதுவாகப் போகும் வேகம். பிள்ளை திறமைசாலியா, கோச் கெட்டிக்காரரா, காலையில் ஐந்து மணிக்கே எழுந்து வந்தார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தத் தரையில் எத்தனை ஆண்டு சுற்றினாலும் 40 கிலோமீட்டரில் இடது காலுக்கு மேல் வலது காலை மாற்றிப்போடும் வித்தை உடம்பில் ஏறாது. மாவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டு, மாநிலப் போட்டியில் சாய்வுத் தடத்தை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை அங்கே தடுமாறுவதைத் திறமைக் குறைவு என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தரைக் குறைவு.

சாலையில் பழகலாமே என்று கேட்கலாம். நேர்ப்பாதை வேகத்துக்குச் சாலை நல்லதுதான். பந்தயங்களிலும் தடப் பிரிவு, சாலைப் பிரிவு என்று இரண்டு உண்டு. ஆனால் காவிரிப் படுகையில் சாலை ஸ்கேட்டருக்கும் லாரிக்கும் மட்டும் சொந்தமில்லை. அறுவடைக் காலத்தில் அது நெல்லுக்குச் சொந்தம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து விழுகிறது. ஆண்டுக்காண்டு 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழுவதும் அதனால்தான். ஈர நெல்லைக் கொட்டிக் காயவைக்க விவசாயிக்குக் கிடைக்கும் கெட்டியான, வெயில் படும் இடம் தார்ச்சாலை ஒன்றுதான். அந்த நெல்லின் மீது மோட்டார் சைக்கிளே வழுக்கும்போது, 11 சென்டிமீட்டர் பாலியூரித்தேன் சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விவசாயியைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. போதுமான உலர்களங்களைக் கட்டிக்கொடுக்காதவர்களே சாலையை உலர்களமாக்கினார்கள். டெல்டாவில் கெட்டியான சமதளம் அரிதான பொருள். யார் அதைப் போட்டாலும் பத்துப் பேர் பத்து வேலைக்கு அதைக் கேட்பார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஊரில் நகராட்சியோ பள்ளியோ ஸ்கேட்டிங் தரை போட்டால் நடப்பதும் இதுதான். முதல் ஆண்டு பிள்ளைகள் வருவார்கள். இரண்டாம் ஆண்டு தீபாவளிக்குப் பட்டாசுக் கடை. மூன்றாம் ஆண்டு கட்சிக் கூட்டம். பந்தல் போட வந்தவர் கடப்பாரையால் தரையில் ஓட்டை போட்டுக் காலை நடுவார். கூட்டம் முடிந்ததும் பந்தல் போய்விடும், ஓட்டை இருக்கும். மழைத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். கும்பகோணம் வட்டாரத்து மண் களி கலந்த வண்டல். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே நான்கு அங்குல கான்கிரீட் போட்டுவிட்டுக் கீழே மண்ணைச் சரியாகத் திமிசு போடாமல் விட்டிருந்தால், இரண்டு கோடைகளில் பலகை பலகையாக மேலும் கீழும் நகர்ந்துவிடும். கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டாலே போதும், சக்கரம் அதில் தட்டும். பெரிய இன்லைன் சக்கரம் சமாளித்துவிடும். புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளை போட்டிருக்கும், இரண்டிரண்டாக நான்கு சக்கரம் பூட்டிய குவாட் ஸ்கேட்டின் சிறிய சக்கரம் நின்றுவிடும், பிள்ளை முன்னால் பறக்கும். கற்றுக்கொள்கிறவனைத்தான் கெட்ட தரை முதலில் அடிக்கிறது. இரண்டு பிள்ளைக்குக் கை உடைந்த பிறகு தரை கார் நிறுத்துமிடமாகிவிடும், எஞ்சின் ஆயிலும் சொட்டும். அதோடு கதை முடிந்தது.

சாய்வுத் தடத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வளைவில் விழும் மழை முழுவதும் உள்விளிம்புக்கு ஓடிவரும். அங்கே வடிகால் வாய் இலையாலும் பாலித்தீன் பையாலும் அடைபட்டால் தண்ணீர் தேங்கும், பாசி படியும். பந்தயத்தில் எல்லோரும் பிடிக்க விரும்பும் கோடு அந்த உள்விளிம்புதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஆண்டு மழையின் பெரும்பங்கைப் பெறும் ஊரில் வடிகாலை வாரம் ஒருமுறை பார்க்க ஆள் இல்லையென்றால் தடமும் இல்லை.

தண்ணீர் என்ன செய்யும் என்பதற்குத் தாராசுரத்துக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் தளம் இன்றைய ஊர்த் தரையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. ஊர் நூற்றாண்டு நூற்றாண்டாக மேடேறியது, கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. பலத்த மழைக்குப் பிறகு முன்புறத்து நந்தி மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, தொல்லியல் துறையின் நேரடிப் பராமரிப்பில் இருக்கும் இடத்துக்கே இந்த நிலை. நகராட்சியின் சிமெண்டுத் தரைக்குத் தனி அருள் எதுவும் கிடையாது.

இந்த விளையாட்டின் பழைய கதையிலும் தரைதான் ஓயாமல் தலைகாட்டுகிறது. 1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் ஒரே வரிசைச் சக்கரம் பூட்டிய காலணியோடு ஒரு விருந்துக்குப் போய், நிற்கவும் திரும்பவும் தெரியாமல் விலையுயர்ந்த கண்ணாடியில் மோதினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அவருடைய சிக்கல் சக்கரத்தில் இருந்தது. 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் நான்கு சக்கரத்தை இரண்டிரண்டாகப் பூட்டி, உடம்பைச் சாய்த்தால் திரும்பும் ஸ்கேட்டைச் செய்தார். செய்ததோடு நிற்காமல் அதை ஓட்ட வழுவழுப்பான தரை உள்ள ரிங்குகளையும் அவரே திறந்தார். காலணியை விற்றால் போதாது, தரையையும் விற்க வேண்டும் என்று புரிந்துகொண்ட வியாபாரி அவர். அந்த மோகம் பிரிட்டிஷ் அதிகாரிகளோடு இந்திய மலைநகரங்களுக்கு வந்தது. மசூரியின் மரத்தரை ரிங்க் அந்தக் காலத்துப் பெயர்பெற்ற ஒன்று. சமவெளிக்கு இறங்கியது பிறகுதான். 1970களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகு, மரத்தரையும் பளிங்குத் தரையும் இல்லாத இடத்திலும் கரடுமுரடான சிமெண்டிலும் ஸ்கேட்டிங் சாத்தியமாயிற்று. 1980களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சகோதரர்கள் ஸ்காட், பிரென்னன் ஓல்சன் ஒரே வரிசைச் சக்கரத்தை ரோலர்பிளேடு என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஐஸ் ஹாக்கி ஆடுபவர்கள் கோடையில் பழகுவதற்காக. 1990களில் வேகப் பந்தயங்கள் அதற்கு மாறின. வேகம் ஏற ஏற, தரையும் வளைவும் துல்லியமாக வேண்டியிருந்தது.

ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் இல்லை. 2018இல் புவனோஸ் ஐரஸ் இளையோர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதோடு சரி. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்குப் பெரும்பணம் வராது. பெரும்பணம் வராத விளையாட்டில் உலகின் உச்சியில் இருப்பது எந்த நாடு என்று கேட்டால் பலருக்கும் வியப்பாக இருக்கும்: கொலம்பியா. 2010 உலக சாம்பியன்ஷிப் அந்நாட்டில் மெடெயின் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குவார்னே என்ற சிற்றூரில் நடந்தது. 2018இல் நெதர்லாந்து நடத்தியபோது தடப் போட்டிகளுக்குத் தேர்ந்தெடுத்தது ஆம்ஸ்டர்டாமையோ ராட்டர்டாமையோ அல்ல, ஹெர்டே என்ற சின்ன ஊரை. ஹாக்கிக்கும் கால்பந்துக்கும் இது சாத்தியமில்லை. 60,000 பேர் உட்காரும் அரங்கம் தேவைப்படாத விளையாட்டு இது. ஒரு ஏக்கர் தரையும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர்களும் இருந்தால் உலகமே சிற்றூருக்கு வரும். இன்லைன் ஸ்கேட்டிங்கின் தனித்தன்மையாக நான் கருதுவது இதைத்தான். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை அளவுள்ள ஊர்களுக்கு உலகத் தரம் என்று எட்டிப்பிடிக்கக்கூடிய விளையாட்டுகள் மிகச் சிலவே. இது அவற்றில் ஒன்று.

எல்லா ஊரும் ஹெர்டே ஆகிவிடவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சக்கர விளையாட்டுகளுக்கென்றே இருந்த வளாகத்தில் சாய்வுத் தடம் ஒன்று இருந்தது. நகராட்சி நிலத்தை வேறு கட்டுமானத்துக்குக் கொடுக்க முடிவெடுத்ததும் 2021இல் வளாகமே மூடப்பட்டது. நம் சென்னையிலும் ஒரு கதை உண்டு. ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவின் ஸ்கேட்டிங் ரிங்க்கில் பழகியவர்கள் நகரத்தில் நிறையப் பேர். 2011இல் சுரங்க மெட்ரோ ரயில் பணிக்காகப் பூங்கா மூடப்பட்டது. 2017 மே மாதம் ஷெனாய் நகர் நிலையத்தில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மேலே இருந்த பூங்கா மக்களிடம் திரும்பி வர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. பத்தாண்டுக்கும் மேலான இடைவெளி. சீரமைக்கப்பட்ட பூங்காவில் ஸ்கேட்டிங்குக்கு இடம் ஒதுக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் மூடியபோது எட்டு வயதாயிருந்த பிள்ளை திறந்தபோது பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும். 2025இல் 22 வயதான ஆனந்த்குமார் அந்தத் தலைமுறைக்காரர். கட்டடத்தை மீட்க முடியும். போன வயதை மீட்க முடியாது. ஆகவே, ஒரு தடத்தை மூட நேர்ந்தால், எப்போது திறப்பார்கள் என்று கேட்பதோடு அதுவரை பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்றும் கேட்க வேண்டும். சென்னையில் வேறு ரிங்குகள் இருந்தன. சின்ன ஊரில் ஒன்று மூடினால் எல்லாம் மூடியது.

சரி, பாழான தரையை எப்படி மீட்பது? டென்னிஸ் தரை போடுபவர்களிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. தரை முழுவதும் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தேங்கியிருக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுவார்கள். தேங்கிய நீரில் ஒரு நாணயத்தைக் கிடையாகப் போட்டால் மூழ்கிவிடுமா என்று பார்ப்பார்கள். மூழ்கினால் அந்த இடம் பழுது. இந்தச் சோதனைக்கு இரண்டு குடம் பொறுமையும் ஒரு தண்ணீர் லாரியும் போதும், ஆலோசனை நிறுவனம் வேண்டாம். பழுது பட்டியல் கிடைத்த பிறகு முதல் செலவு வடிகாலில் விழ வேண்டும், தரையில் அல்ல. வடிகால் சரியாகாமல் மேலே வண்ணப்பூச்சு அடித்தால் அடுத்த தை மாதம் அது அப்பளமாக உரிந்து வரும். அடுத்து, நகர்ந்துவிட்ட பலகைகளை உடைத்து அடிமண்ணைக் கிராவல் போட்டு இறுக்கி மறுபடி வார்க்க வேண்டும். மற்ற இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து நெகிழும் பசையால் அடைக்க வேண்டும். பிறகுதான் தேய்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து மேட்டைக் கரைக்க வேண்டும். கடைசியாகப் பூச்சு. முழுத் தரையையும் பெயர்த்துப் புதிதாகப் போடுவதைவிட இது மலிவு. ஆனால் இதில் கல்வெட்டு வைக்க இடமில்லை. வடிகால் தூர் வாரியதைத் திறந்துவைக்க அமைச்சர் வரமாட்டார். மராமத்துக்குப் பணம் கேட்டால் கிடைக்காமல், புதுத் திட்டத்துக்குக் கேட்டால் கிடைப்பது நம் உள்ளாட்சிகளின் பழைய நோய்.

சாய்வுத் தடம் எல்லா ஊருக்கும் உடனே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சமதளத் தரையே பெரிதாக, ஆரம் 10 மீட்டருக்குக் குறையாத வளைவோடு இருந்தால் அதே 0.5 பிடிமானத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை பிள்ளைகள் பாதுகாப்பாகத் திரும்பலாம். பாஸ்கெட்பால் தரையின் 18 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய தாவல். பன்னிரண்டு வயதுவரை அது போதும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு நல்ல சாய்வுத் தடம், ஊருக்கு ஊர் ஒரு பெரிய சமதளத் தரை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு உகந்தது. தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம் என்று மாநில அரசு அறிவித்த திட்டத்தில் இந்தத் தரைக்கு இடம் தேடலாம்.

தரை கிடைத்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. அது காலணியின் விலை. தொடக்கக்காரர்களின் அட்ஜஸ்டபிள் ஸ்கேட் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். பந்தயத்துக்கான இன்லைன் என்றால் காலுக்கு அளவெடுத்துச் செய்த பூட், அலுமினியச் சட்டம், எட்டுச் சக்கரம், பதினாறு பேரிங் எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தொடும். வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் பூட் பத்தாமல் போய்விடும். தாராசுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டில் இதை வாங்கச் சொல்ல முடியுமா? இந்த விளையாட்டு இன்று தமிழ்நாட்டில் டாக்டர், என்ஜினியர், அதிகாரி வீட்டுப் பிள்ளைகளின் மாலை வகுப்பாகச் சுருங்கியிருப்பதற்கு விலைதான் காரணம். பழைய பூட்களை வாங்கிப் பழுதுபார்த்து வாடகைக்குக் கொடுக்கும் அலமாரி ஒன்று தடத்தோடு சேர்ந்து இருந்தே ஆக வேண்டும். நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். அது இல்லாமல் பொதுப் பணத்தில் தடம் போடுவது, ஏற்கெனவே ஸ்கேட் வைத்திருப்பவர்களுக்கு மானியம் கொடுப்பதாகவே முடியும்.

வகுப்புகளைப் பற்றியும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் ஸ்கேட்டிங் செய்தியாக வருவது பெரும்பாலும் ‘உலக சாதனை’ என்ற பெயரில்தான். நூறு பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு இத்தனை மணி நேரம் சுற்றினார்கள், தலையில் கரகம் வைத்துச் சுற்றினார்கள் என்று படத்தோடு வரும். சான்றிதழ் கொடுக்க ஏதாவது ஒரு சாதனைப் புத்தகம் இருக்கும். பிள்ளைகளுக்கு அது சந்தோஷம், பெற்றோருக்குப் பெருமை, அதைக் கெடுப்பானேன். ஆனால் அந்தச் சான்றிதழ் எதையும் அளக்கவில்லை. 500 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடினாய் என்ற ஒற்றை எண்ணைத் தடத்தின் சுவரில் மாதாமாதம் எழுதிவைத்தால் அதைவிட நல்லது. ஆனந்த்குமாரின் உலக வெண்கலத்தின் நேரம் 43.072 விநாடி. பக்கத்தில் அதையும் எழுதிவைக்கலாம். தூரம் எவ்வளவு என்று பிள்ளைக்கே தெரியும்.

தாராசுரத்தில் இடம் தேடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானமே கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். கல்லில் தேர்ச்சக்கரமும் பாயும் குதிரையும் செதுக்கிய ராஜகம்பீரன் மண்டபத்துக்குப் பக்கத்தில் சக்கர விளையாட்டு நடந்தால் அழகாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றலாம். தோன்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோயிலிலிருந்து 300 மீட்டருக்கு அப்பால், ஆற்றங்கரைப் பள்ளத்திலிருந்து விலகி, மேட்டுப்பாங்கான மூன்று மா தேவை. நெல் விளையும் நிலத்தை எடுக்கக் கூடாது. வகுப்பறைகளுக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களில் தேடினால் போதும்.

2021இல் கும்பகோணம் மாநகராட்சியானபோது தாராசுரம் பேரூராட்சி அதோடு இணைந்தது. பேரூராட்சியிடம் மூன்று மா தரையைப் பராமரிக்கப் பொறியாளர் இல்லை என்று முன்பு சொல்ல முடிந்தது. மாநகராட்சி அதைச் சொல்ல முடியாது. 2028இல் மகாமகம் வருகிறது. சாலை, வடிகால், வாகன நிறுத்துமிடம் என்று பணம் வரும், காலி இடமெல்லாம் தற்காலிகப் பேருந்து நிலையமாகும், பந்தல்கால் எங்கும் நடப்படும். திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு எஞ்சும் கெட்டித் தரைகளில் ஒன்றையாவது, வளைவின் ஆரத்தையும் வடிகாலையும் முன்கூட்டியே யோசித்து, பிள்ளைகள் ஓடும் தரையாக வரைபடத்திலேயே குறித்துவிடலாம். கூடுதல் செலவு பெரிதாக இராது. மாநகராட்சி உறுப்பினர்களிடம் கேட்பது இரண்டுதான்: அந்த வரைபடக் கோடு, வடிகாலைக் கூட்டிச் சுத்தம் செய்து மாலையில் விளக்குப் போடும் ஒரு பணியாளருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம். இரண்டாவதைக் கொடுக்க முடியாதென்றால் முதலாவதையும் போட வேண்டாம்.